கூடிக் கற்றவர், பிரிந்தும் பகையாதவர்: சிவகாசி ஸ்ரீமான் பி. அய்ய நாடார்

பொருளீட்டும் வழிகள் இருவகைப்படும். பிறர் செய்த பொருளை வாங்கிப் பிறருக்கு விற்பது ஒன்று. தானே ஒரு பொருளை உண்டாக்கி உலகுக்கு அளிப்பது மற்றொன்று. நம் முன்னோர் முதல் வழியில் நெடுங்காலம் தேர்ந்து விளங்கியவர்கள். கருப்பட்டி, பருத்தி, மிளகாய் வற்றல், மல்லி முதலிய சரக்குகளைப் பொதிமாட்டிலும் வண்டியிலும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று விற்று, பேட்டைகள் கண்டு, மகமை வகுத்து வாழ்ந்தவர்கள். இரண்டாம் வழியை நமது வறண்ட கரிசற் சீமையில் துணிந்து திறந்துவிட்டவர் இருவர். அவருள் ஒருவராகிய சிவகாசி ஸ்ரீமான் பி. அய்ய நாடார் அவர்களுடைய சரித்திரத்தை ஈண்டு சுருக்கமாக எழுதப் புகுந்தோம். அவர் சரித்திரத்தை அவருடைய நெருங்கிய உறவினரும் தொழிற்றுணைவருமான ஸ்ரீமான் ஏ. சண்முக நாடார் அவர்களை விடுத்து எழுதுதல் இயலாது. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றொருவர் பெயர் தானே உடன் வரும்படி அவ்விருவர் வாழ்க்கையும் பிணைந்து கிடக்கின்றது.

பிறந்த ஊரும் காலமும்

அய்ய நாடார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் பிறந்தவர். அக்காலத்துச் சிவகாசி எவ்வாறிருந்தது என்பதை இக்காலத்து இளைஞர் அறிதல் வேண்டும். 1899-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ஆம் தேதி அவ்வூர் பெருங்கூட்டத்தாரால் தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டது. வீடிழந்து கடையிழந்து உயிரும் இழந்த அத்துயரம் ஊரார் நினைவினின்றும் நீங்குமுன்னரே பிறந்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். 1910-ஆம் வருஷம் வரை திருநெல்வேலி ஜில்லாவிலிருந்த அவ்வூர், அவ்வருஷத்தில் புதிதாய் ஏற்பட்ட இராமநாதபுரம் ஜில்லாவில் சேர்க்கப்பட்டது. பேராறு பாயாத நிலம். மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லாத சுற்றுப்புறம். வெயிலொன்றே வஞ்சனையின்றிக் கிடைக்கும் செல்வம்.

இத்தகைய நிலத்தில் நம்மவர் தளராது நின்றமைக்குக் காரணம் கூட்டுறவே. சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களிலும் உறவின்முறை ஏற்பட்டு, வியாபாரிகள் தத்தம் சரக்கின்மீது மகமை கொடுத்துப் பொதுநிதி சேர்த்தனர். அந்நிதியின் பயனாகவே விருதுப்பட்டியில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் பொறையாற்றில் கூடிற்று. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கு ஏற்பட்டது. அதுவே 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு என வழங்குகின்றது. விருதுப்பட்டியும் 1923-இல் விருதுநகர் எனப் பெயர் மாறிற்று. இவற்றைச் சொல்வது பெருமை பேசுதற்கன்று. பள்ளிக்கூடமும் பாங்கும் பலர் கூடிச் செய்தவை. கைத்தொழிலோ அதுகாறும் எவரும் கூடித் தொடங்காதது. அதனை இரண்டு வாலிபர் தொடங்கினர்.

அக்காலத்துத் தீக்குச்சி

அந்நாளில் இந்நாட்டார் அடுப்பு மூட்டிய தீக்குச்சிகளுட் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவை. ஜப்பானியர் ஒரு பக்கமும் ஸ்வீடன் தேசத்தார் மற்றொரு பக்கமுமாக நம் சந்தைகளை நிரப்பி வந்தனர். பெட்டியின் பக்கத்தில் உரைத்தால் மட்டும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சியைப் பெரிய தொழிலாக்கியவர் ஸ்வீடன் நாட்டில் யான்சேப்பிங் என்னும் ஊரிலிருந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர் இருவர். அங்கும் இத்தொழில் இரு சகோதரரால் ஓங்கிற்று என்பது கருதத்தக்கது.

இந்திய அரசாங்கத்தார் தமது வருமானத்தைப் பெருக்கக் கருதி, அந்நியத் தீப்பெட்டிகளின்மீது குரோஸ் ஒன்றுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, முன்பு விதித்திருந்த 12 அணா சுங்கத்தை 1922-ஆம் வருஷத்தில் ஒன்றரை ரூபாயாக உயர்த்தினர். உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டுமென்பது அவர் நோக்கமன்று. ஆயினும் விளைவு அதுவாயிற்று. அந்நியச் சரக்கு விலையேறவே, இந்நாட்டிற் செய்த தீப்பெட்டி விலைபோகும் என்னும் நிலை உண்டாயிற்று. நாட்டிலுள்ள வியாபாரிகள் யாவரும் அறிந்த செய்திதான் அது. அறிந்தவர் ஆயிரம் பேர். எழுந்து புறப்பட்டவர் மிகச் சிலர். அச்சிலருள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இருந்தனர்.

கல்கத்தா யாத்திரை

1922-ஆம் வருஷத்தில் அவ்விருவரும் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள கல்கத்தா நகரத்துக்குப் பிரயாணமாயினர். அந்நகரத்தில் குடியேறியிருந்த ஜப்பானியர் சிலர் தீப்பெட்டி செய்யும் முறையைக் கொண்டு வந்திருந்தனர். அவர்களிடமிருந்து வங்காளிகள் சிலர் கற்றிருந்தனர். அவருள் ஒருவரான பூர்ண சந்திர ராய் என்பவரிடம் நம் வாலிபர் இருவரும் தொழில் பயின்றனர். ஏறக்குறைய எட்டு மாத காலம் அங்குத் தங்கினர்.

இவ்விடத்து வாசகர்கள் சற்றே நின்று நோக்க வேண்டும். பணமுடையவன் ஒரு தொழிலை விரும்பினால், அத்தொழிலறிந்த வேலைக்காரனைச் சம்பளத்துக்கு அமர்த்துவது வழக்கம். வியாபாரக் குடியிற் பிறந்தவருக்கு அவ்வழியே எளிதாகவும் கௌரவமாகவும் தோன்றும். இவர்களோ தாமே மாணாக்கராயினர். வேற்று மொழி வழங்கும் ஊரில், மருந்து கலப்பதும் குச்சி முக்குவதும் பெட்டி ஒட்டுவதும் தம் கையால் பழகினர். முதலாளியாகு முன் தொழிலாளியாகத் துணிந்த இவ்வொரு செயலே பின்வந்த செல்வமனைத்திற்கும் விதை என்பது எமது கருத்து. தன்னம்பிக்கை என்பது எல்லாம் எனக்குத் தெரியும் என்று மார்தட்டுவதன்று. தெரியாததைக் கற்றுக்கொள்ள என்னால் முடியும் என்று அடங்கி அமர்வதே தன்னம்பிக்கையாம்.

இருவராய்ச் சென்றதிலும் ஒரு நன்மை உண்டு. தனியே அந்நிய தேசம் போனவனுக்கு ஒரு மாதத்தில் வீட்டு நினைவு வந்துவிடும். ஒருவன் விட்டதை மற்றொருவன் பிடித்துக்கொள்வான். ஒருவன் சோர்ந்தால் மற்றொருவன் தேற்றுவான். செலவும் பாதி, கவலையும் பாதி. இலாபம் வரும் காலத்துக்காக மட்டும் சேர்வது கூட்டன்று. இலாபம் கண்ணுக்கே தெரியாத காலத்திற் சேர்ந்திருப்பதே கூட்டு.

முதல் தொழிற்சாலை

1923-ஆம் வருஷத்தில் அவர்கள் சிவகாசிக்குத் திரும்பி, ஜெர்மனி தேசத்திலிருந்து இயந்திரங்களை வரவழைத்துத் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அக்காலத்து அவ்வூர் வயோதிகர் பலருக்கு இது விபரீதமாகத் தோன்றியிருத்தல் கூடும். மரமில்லாத ஊரில் மரக்குச்சித் தொழில்! மருந்தும் மெழுகும் வெளியூரிலிருந்து வர வேண்டும். மரம் மலையடிவாரத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வர வேண்டும். உள்ளூரில் இருந்தவை வெயிலும் உழைக்கும் கைகளும் தாம்.

அவ்விரண்டுமே போதுமானவையாயின. தீப்பெட்டி செய்யும் வகையை அறிந்தவர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். மென்மையான மரத்தைத் தகடு தகடாகச் சீவி, குச்சிகளாக நறுக்கி, நன்கு உலர்த்த வேண்டும். குச்சிகளைச் சட்டங்களில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அடுக்க வேண்டும். இதனையே நம் பக்கத்துப் பெண்மக்கள் கட்டை அடுக்குதல் என்பர். அடுக்கிய குச்சிகளின் நுனியை முதலில் மெழுகிலும் பின்பு மருந்திலும் முக்க வேண்டும். முக்கியதை மீண்டும் உலர்த்திப் பெட்டியில் அடைத்து, பெட்டியின் பக்கங்களில் உரைமருந்து பூசி, மேலே லேபிள் ஒட்ட வேண்டும். இவற்றுட் பாதி வேலைக்கு உலர்ந்த காற்றே இயந்திரம். மற்றப் பாதிக்கு விரல்களே இயந்திரம். மழை மிகுந்த சீமையில் நாட்கணக்கில் உலராத மருந்து, கரிசற்காட்டு வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும். ஆகையால், இயந்திரத்தோடு தொடங்கியும் சிவகாசியில் ஆழ வேரூன்றியது கைவேலையே. உழவு பொய்த்த குடும்பங்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸும், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒட்டும் வெறும் பெட்டியும் கஞ்சி வார்த்தன.

குறை என்று உலகம் சொல்லும் ஒன்றைக் கருவியாக்கிக் கொண்டதே இவர்களுடைய புத்தி நுட்பம். மழையின்மையை நொந்துகொண்டிருந்த ஊரில், அம்மழையின்மையைக் கொண்டே தொழில் செய்யலாம் என்று கண்டனர்.

சாதாரணத் தீக்குச்சியோடு அவர்கள் நிற்கவில்லை. கொளுத்தினால் சிவப்பாகவும் பச்சையாகவும் ஒளிவிட்டெரியும் வண்ண மத்தாப்புத் தீக்குச்சிகளும் செய்யலாயினர். ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவந்த சுவாலை தரும். பேரியம் உப்பு பசுஞ்சுவாலை தரும். இவ்விரசாயனப் பழக்கமே பிற்காலத்தில் சிவகாசியை வாணத் தொழிலுக்கு அழைத்துச் சென்ற வாயிற்படி ஆயிற்று.

பிரிவும் வளர்ச்சியும்

சில வருஷங்கள் சேர்ந்து நடத்திய பின்னர், 1926-இல் இருவரும் தனித்தனியே தொழில் நடத்த முடிவு செய்தனர். அய்ய நாடாருடைய தீப்பெட்டி அணில் மார்க் என்றும், சண்முக நாடாருடையது காக்கா மார்க் என்றும் பிரசித்தி பெற்றன.

இச்சரித்திரத்தில் மிகவும் போற்றத்தக்க பகுதி இதுவே என்போம். நம் குடும்பங்களில் கூட்டு வியாபாரம் பிரிகின்ற விதத்தை யாவரும் அறிவோம். பங்குக் கணக்கில் தொடங்கி, பேச்சு வார்த்தை நின்று, கல்யாண வீட்டில் முகம் திருப்பி, கோர்ட்டுப் படியேறி, கடைசியில் வக்கீல் வீடு மாடியேறவும் இரண்டு பங்காளி வீடும் தரையிறங்கவும் முடிந்த கதைகள் எத்தனை! இவர்கள் மனக்கசப்பின்றிப் பிரிந்தனர் என்று ஊரார் சொல்வர். விளைவும் அதற்குச் சாட்சி பகர்கின்றது. ஒரு ஸ்தாபனம் இரண்டாயிற்று; இரண்டும் தழைத்தன. ஒருவர் விளக்கை ஊதி அணைத்து மற்றொருவர் தம் விளக்கை ஏற்றவில்லை. ஒரு திரியிலிருந்து மற்றொரு திரி பற்றிக்கொண்டாற்போல அப்பிரிவு அமைந்தது. கூடுவதற்கு அன்பு போதும். பிரிவதற்கோ அன்போடு நீதியும் வேண்டும்.

அவர்கள் தேர்ந்த அடையாளங்களையும் கவனிக்க வேண்டும். அணிலும் காக்கையும் தமிழ்நாட்டில் எவர் வீட்டு முற்றத்திலும் காணப்படுபவை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பாட்டியும் கடைக்காரனிடம் அணில் தீப்பெட்டி கொடு, காக்காத் தீப்பெட்டி கொடு என்று கேட்கலாம். படமே பெயர், பெயரே விளம்பரம். இவ்வாறு சிறிய லேபிள் ஒன்றில் பெரிய வியாபாரத்தை அடக்கினர். தீப்பெட்டிகள் பெருகப் பெருக லேபிள்களின் தேவையும் பெருகிற்று. வெளியூர் அச்சகங்களை எதிர்பார்த்திருந்த நிலை மாறி, சிவகாசியிலேயே லித்தோ அச்சகங்கள் தோன்றலாயின. மயில், கிளி, சிங்கம், தாமரை, தெய்வத் திருவுருவங்கள் என வண்ண வண்ணமாய் லேபிள் எழுதும் சித்திரக்காரருக்கும், அச்சிடுவோருக்கும், காகித வியாபாரிக்கும் பிழைப்புண்டாயிற்று. லேபிள் அச்சிட்ட ஊரே பின்னர் நாட்காட்டி, வாழ்த்து அட்டை, பாடப் புத்தகம் ஆகியவற்றை நாடெங்கும் அனுப்பும் ஊராயிற்று. ஒரு தொழில் உண்மையிலே உயிருள்ளதாயின் அது தனியே வளராது; ஆலமரம் போல விழுதுகளை இறக்கும்.

பெருமுதலின் எதிரே

இவ்வளவும் தடையின்றி நடந்ததென்று எண்ணற்க. நம்மவர் சாலை தொடங்கிய அதே 1923-ஆம் வருஷத்திலேதான், ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிக் கூட்டு ஸ்தாபனத்தார் சுங்கத்தைக் கடக்கும் பொருட்டு இந்தியாவுக்குள்ளேயே விம்கோ என்னும் வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியை நிறுவினர். பம்பாய்க்கருகில் அம்பர்நாத்திலும், கல்கத்தா, பரேலி, சென்னை முதலிய இடங்களிலும் அவர்களுடைய இயந்திர சாலைகள் எழுந்தன. அக்கூட்டு ஸ்தாபனத்தின் தலைவர் ஐவர் குரூகர் என்பவர், தீப்பெட்டி ராஜா என்று உலகத்தாரால் அழைக்கப்பட்டவர். தேசங்களுக்குக் கடன் கொடுத்து, அதற்கு ஈடாகத் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையைப் பெற்று வந்தார். அத்தகையவருக்கு எதிரே சிவகாசியின் சின்னஞ்சிறு சாலைகள் நின்றன. இந்தியத் தொழிலின் நிலையை ஆராயும்படி 1926-இல் டாரிஃப் போர்டு பணிக்கப்பட்டது. அதன் அறிக்கையின் பேரில் 1928-இல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பின்னர் 1934-இல் உள்நாட்டுத் தீப்பெட்டிகளுக்கும் கலால் வரி விதிக்கப்பட்டது. பாண்டரோல் என்னும் வரிச்சீட்டு ஒட்டாத பெட்டி வெளியேறக் கூடாதாயிற்று. சிறு தொழிலாளருக்கு அது பெருஞ்சுமை. கைத்தொழில் சாலைகளுக்கு வரி விகிதத்திற் சலுகை கிடைத்தது பிற்காலத்திலேதான்.

முடிவு எவ்வாறாயிற்று? உலகத்துத் தீப்பெட்டிகளைத் தம் ஒருவர் கையில் அடக்கக் கருதிய குரூகர் 1932-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் பாரிஸ் நகரத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். அவருடைய கணக்குகளிற் பொய் மலிந்திருந்தமை அதன்பின் வெளியாயிற்று. தம் தொழிலைத் தம் ஊராரும் பார்த்துக் கற்கும்படி நடத்திய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் தொழிலோ சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவிற்பட்டி முதலிய ஊர்களுக்கெல்லாம் பரவிற்று. சாலையில் வேலை கற்றவர் சிலர் சில வருஷத்தில் தாமே சாலை வைத்தனர். உறவினர் வைத்தனர், அடுத்த தெருவார் வைத்தனர். அடக்கி வைத்த தொழில் அடக்கியவரோடு சரிந்தது. பகிர்ந்து கொண்ட தொழில் ஊராயிற்று. உலக சரித்திரம் இவ்வளவு தெளிவாக ஒரு பாடத்தைக் கற்பிப்பது அரிது.

வாணத் தொழில்

தீபாவளிக்கு நம் நாட்டார் கொளுத்திய பட்டாசுகளுள் ஒரு பகுதி முற்காலத்தில் சீனத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தது. 1939-இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டவுடன் கப்பல் வரவு குன்றிற்று. 1940-ஆம் வருஷத்து வெடிமருந்து விதிகளின்படி லைசென்ஸ் பெற்று, முறைப்படி சாலை அமைத்து வாணங்கள் செய்ய வழியேற்பட்டது. மத்தாப்புத் தீக்குச்சியில் மருந்துக் கலவை பழகியிருந்த சிவகாசியார் உடனே இதில் இறங்கினர். அய்ய நாடார் வழியில் நேஷனல் என்னும் பெயரும், சண்முக நாடார் வழியில் காளீஸ்வரி என்னும் பெயரும் வாணத் தொழிலில் விளங்கின. 1942-இல் ஸ்டாண்டர்ட் என்னும் மற்றொரு ஸ்தாபனமும் ஊராரால் தோற்றுவிக்கப்பட்டது. இன்று இந்தியாவில் கொளுத்தப்படும் பட்டாசுகளிற் பெரும்பகுதி சிவகாசியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களாலும் அவ்வூர் குட்டி ஜப்பான் எனப் பெயர் பெற்றது. பண்டித ஜவஹர்லால் நேரு அவ்வாறு அழைத்ததாக ஊரார் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்வர். ஜப்பானியரிடம் கற்றவரிடம் கற்ற ஊருக்கு அப்பெயர் பொருத்தமே.

பொதுப்பணி

தம் தொழில் நிலைத்த பின்னர் அய்ய நாடார் தம் வீட்டளவில் நின்றாரல்லர். சிவகாசி நகரசபையின் தலைவராக இருந்து ஊர்ப்பணி ஆற்றினார். விருதுநகரில் நம் சமூகத்தார் 1947-இல் செந்திக்குமார நாடார் பெயரால் கல்லூரி கண்டிருந்தனர். சிவகாசிப் பிள்ளைகளுக்கும் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தம் ஊரிலேயே உயர்தரக் கல்வி கிடைக்க வேண்டுமென்று கருதி, 1963-ஆம் வருஷத்தில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியை அவர் நிறுவினார். எவ்வகுப்பினரும் சாதி வேற்றுமையின்றிப் பயில்கின்ற இடமாக அது இருந்து வருகின்றது. கல்கத்தாவில் மாணாக்கராக அமர்ந்து பெற்ற பயனை, பிறரை மாணாக்கராக அமர்த்தித் திருப்பிக் கொடுத்தார் எனலாம். மகமை என்னும் பழைய தர்மத்தின் புதிய வடிவம் இதுவே. 1982-ஆம் வருஷத்தில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தொழிலின் மறுபக்கம்

பெரியோர் சரித்திரத்தை எழுதுங்கால் புகழை மட்டும் எழுதி, அவர் விட்டுச் சென்ற கடமையை எழுதாதொழிதல் முறையன்று. கைவேலையால் வளர்ந்த இத்தொழிலில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியரின் கைகளும் ஈடுபட்டன என்பதை மறைத்தற்கில்லை. பள்ளிக்குச் செல்ல வேண்டிய பருவத்தில் விடியுமுன் வண்டியேறி வேலைக்குச் சென்ற குழந்தைகள் பலர். 1986-ஆம் வருஷத்துச் சட்டமும், சிவகாசியைக் குறித்தே எழுந்த வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும் அந்நிலையை மாற்றத் துணையாயின. பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் வைத்த சமூகத்திற்கு இது ஒரு படிப்பினையாக இருக்க வேண்டும்.

வெடி விபத்துக்களும் அவ்வாறே. 2012-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் உயிர்கள் மாய்ந்துள்ளன. ஒரு அறையில் இருக்கத்தக்க ஆட்களின் தொகையையும், மருந்தின் அளவையும், அறைக்கும் அறைக்கும் உள்ள தூரத்தையும் விதி வரையறுத்திருப்பது நம்மைத் துன்புறுத்தவன்று. சென்றவருடைய சாம்பலிலிருந்து எழுதப்பட்டவை அவ்விதிகள். ஆர்டர் மிகுந்த மாதத்தில் அவ்விதியைச் சற்றே தளர்த்துபவர், வேலைக்கு வந்த ஒரு தாயின் உயிரைத் தம் இலாபக் கணக்கில் வரவு வைத்துக் கொள்கின்றார்.

இன்னும், 2018-ஆம் வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பால் பட்டாசில் பேரியம் உப்பைச் சேர்த்தலும், சரவெடி செய்தலும் தடுக்கப்பட்டன. புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளே அனுமதிக்கப்பட்டன. முன்னே நம்மூருக்குப் பச்சை ஒளி காட்டிய அதே உப்பு இப்போது விலக்கப்பட்டது. தீக்குச்சிக்கோ சிகரெட் லைட்டர் என்னும் புதுப்பகை வந்துள்ளது. அகப்பைக்கருகில் தீப்பெட்டி இருந்த இடத்தில் எரிவாயு அடுப்பின் பொறிகருவி இருக்கின்றது. தொழிலில் உள்ள குடும்பங்கள் பல, தம் பிள்ளைகளை இதில் விடலாமா என்று மயங்குகின்றன. கூலி வேலையை நம்பிய குடும்பங்களின் மயக்கம் அதனினும் பெரிது.

நமக்கு உரியது

இம்மயக்கத்தில் அய்ய நாடார் சரித்திரம் நமக்கு என் செய்யும்? 1922-இல் அவருக்கு முன்னிருந்த நிலையையும் இன்று நமக்கு முன்னிருக்கும் நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அன்று அவரிடம் மரமில்லை, மருந்தில்லை, தொழிலறிவில்லை. எதிரே உலகத்துப் பெருமுதலாளி நின்றார். இன்று நம்மிடம் நூற்றாண்டுப் பழக்கம் உண்டு, கல்லூரிகள் உண்டு, இரசாயனம் கற்ற இளைஞரும் யுவதிகளும் உண்டு. குறைந்திருப்பது ஒன்றே: இருவராய்ச் சேர்ந்து, எட்டு மாதம் தம் பெருமையை ஒதுக்கி வைத்து, தெரியாததைக் கற்கப் புறப்படும் அத்துணிவு.

பேரியம் இல்லாத பச்சை ஒளியை உண்டாக்குவது எப்படி, கையால் மருந்து தொடாமல் நிரப்பும் சிறு இயந்திரத்தை அமைப்பது எப்படி, அச்சுத் தொழிலைப் புதுக் காலத்துக்கு ஏற்பத் திருப்புவது எப்படி என்னும் கேள்விகளுக்கு ஒரு சாலைக்காரர் தனியே விடை காண்பது அரிது. பத்துச் சாலைக்காரர் மகமைபோல் ஒரு பங்கு கொடுத்து, கற்ற பிள்ளைகள் நால்வரை ஆராய்ச்சிக்கு அனுப்பினால் விடை பிறக்கும். பிறந்த விடையைப் பூட்டி வைக்காது ஊரோடு பகிர்ந்தால் தொழில் பிழைக்கும். சேர்ந்தவர் பிரிய நேர்ந்தாலும் குற்றமில்லை. அணிலும் காக்கையும்போல ஒரே முற்றத்தில் வெவ்வேறாக இரை தேடி வாழலாம். கோர்ட்டில் மட்டும் சந்தித்துக் கொள்ள வேண்டாம்.

நம் சமூகத்து வாலிபர்களே! தாய்மார்களே! உங்கள் வீட்டில் யாரேனும் ஒருவர் புதுத்தொழில் ஒன்றைச் சொன்னால், மரமில்லாத ஊரில் மரக்குச்சியா என்று நகையாதீர்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டி, கற்று வரும்படி வழியனுப்புங்கள். அதுவே ஸ்ரீமான் அய்ய நாடார் அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.

வாழ்க அவர் நாமம்! ஓங்குக நம் ஒற்றுமை!